பொழிச்சலூருக்கு மேலே

தில்லியில் ஏறும்போதே
கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார் பதினேழு சி.
கழுத்தில் ஒரகடத்துக் கம்பெனியின் அடையாள அட்டை,
கழற்ற மறந்தது.
இரா. தணிகைவேல், தரக் கட்டுப்பாடு.
பெல்ட்டைப் பூட்டினார், செருப்பைக் கழற்றினார்,
விமானம் ஓடுதளத்துக்குத் திரும்புமுன்
தொடங்கிவிட்டார்.

முதலில் ஒரு சீட்டி. பிறகு
மாவு மில்லில் ஈர அரிசி சிக்கியது போல்
ஒரு திணறல்.
அப்புறம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைத்தான் தாங்க முடியவில்லை.
எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணுவேன்.
பதினொன்றில் வருவார்
கிணற்றில் முங்கியவன் தலை தூக்குவது போல.

நடுச் சீட்டில் நான்.
ஜன்னலோரப் பெண் காதில் வைத்திருந்த பஞ்சில்
எனக்கும் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தாள்.
பின்வரிசைக்காரர்
மனுப் போடுகிற மாதிரி இருமினார்.
எதிர்ப்பக்கத்து அம்மாள்
தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டார், அணைத்தார், போட்டார்.
முன்னாலிருந்து யாரோ "யப்பா, டிராக்டர்" என்றார்.
நாலு வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொத்தானை அமுக்கினேன். பணிப்பெண் வந்து
அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"போன் பேசினால் சொல்லலாம் மேடம்,
குடித்திருந்தால் சொல்லலாம்.
தூங்குகிறவரிடம் என்ன சொல்ல?"
ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போனாள்,
எனக்கா அவருக்கா என்று தெரியாமல்.

தொடலாமா?
தொட்டால் எங்கே?
வீட்டில் என்றால் கணுக்காலில் ஒரு உதை போதும்,
பதினெட்டு வருடக் கல்யாணம் தந்த பாத்தியதை.
இவரிடம் எனக்கு உள்ளதெல்லாம்
பாதிக் கைப்பிடி.

விடியற்காலை நாலரை.
போகிப் புகை, ஓடுதளம் தெரியவில்லை என்றார் கேப்டன்.
கீழே ஊர் தன் பழைய பாய்களைக்
கொளுத்திக்கொண்டிருந்தது.
தாழ்ந்து வந்தோம். மனசு மாறி மேலே ஏறினோம்.
திரும்பவும் தாழ்ந்து, திரும்பவும் ஏறி.

அந்தப் புகைக்கு அடியில்தான் என் வீடு,
பொழிச்சலூர், மாடிப் போர்ஷன்.
ராத்திரி ஒன்றரைக்கு ஒன்று போகும்.
எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
மகள் பிறந்த மாதம் முழுக்க
அது வரும் நேரம் தெரிந்து
அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
எந்த பைலட்டும் படியேறி வந்து
"ரொம்பச் சத்தமா இருந்துதா?" என்று கேட்டதில்லை.
நாங்களும் யாரையும் எழுப்பியதில்லை.
வானத்துக்குக் கணுக்கால் எங்கே இருக்கிறது?

இன்று நானும் அதன் வயிற்றுக்குள்.
நூற்றெண்பது பேர் சேர்ந்து
என் தெருவின் தூக்கத்தின் மேல்
மூன்றாவது முறையாகக்
குறட்டை விட்டுக்கொண்டு போகிறோம்.

அப்போதுதான் அவர் நிறுத்தினார்.
பதினொன்று.
பன்னிரண்டு.
இருமல்காரர் இருமவில்லை.
பதினான்கு.
பஞ்சை எடுத்துவிட்டாள் ஜன்னலோரப் பெண்.
எதிர்ப்பக்கத்து விளக்கு எரிந்தது, எரிந்தபடியே இருந்தது.
பதினாறு.

தொட்டேன்.
அடையாள அட்டையின் மேல் இரண்டு விரல்,
அழைப்பு மணியை அமுக்குவது போல.

உறுமிக்கொண்டு வந்தார்.
என் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது.

"வந்தாச்சா?"
"சுத்திட்டிருக்கோம்."
வாயோரத்தைத் துடைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.
எத்தனை பயணத்தில் எத்தனை பேரைக் கேட்டிருப்பாரோ,
குரலை அவ்வளவு தாழ்த்தி:
"சத்தம் ஏதும் போட்டேனாம்மா?"

"ஃப்ளைட்டுதான் சார்" என்றேன்.

புகை விலகி இறங்கியபோது
ஒரு செருப்பைக் காணவில்லை அவருக்கு.
குனிந்து குனிந்து தேடினோம், நானும் அவரும்.
சறுக்கிப் போய்ப் பதினான்காம் வரிசையில் கிடந்ததாம்.
டிராக்டர் என்றவர்
அதைக் கையில் பிடித்துக்கொண்டு,
எல்லோரும் பெட்டி இறக்கும் நெரிசலில்,
எதிர்த்து நடந்து வந்தார்.